எந்த மண் என்று எங்களையும் கேட்டுவிட்டுப் பட்டியல் போடுங்கள்: கண்மாய் மண் அனுமதி வழங்கும் அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

எங்கள் வட்டத்தில் வண்டல் மண்ணும் களிமண்ணும் எடுக்க அனுமதிக்கப்பட்ட கண்மாய்களின் பட்டியல் இந்த ஆண்டும் வெளியாகிவிட்டது. மண்பாண்ட வேலை செய்யும் குடும்பங்கள் தலைமுறைகளாக மண் எடுத்துவந்த கண்மாய் இந்த ஆண்டும் அதில் இல்லை. சென்ற ஆண்டு கேட்டபோது அடுத்த முறை சேர்த்துவிடலாம் என்றார்கள். இப்போது விண்ணப்பத்தோடு போய் நின்றால், பட்டியலில் வேறு கண்மாய்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றை எழுதிக் கொடுங்கள், மண் எல்லாம் மண்தானே என்று பதில் வருகிறது. அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் வீடு திரும்ப முடியாததால் இதை எழுதுகிறேன். அலுவலகத்தின் பெயரையோ அலுவலரின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. பதில் சொன்னவர் மரியாதையாகத்தான் சொன்னார். நாளைக்கு அந்த நாற்காலிக்கு வருபவரும் இதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இதையேதான் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சிறிய மண்பாண்டப் பட்டறை வைத்திருக்கிறேன். வேளார், அதாவது குயவர் குடும்பம். அப்பாவும் பெரியப்பா சித்தப்பாக்களும் சோற்றுப் பானை, அடுப்பு, அகல் விளக்கு, ஐயனார் கோயில் புரவி என்று செய்துவந்தார்கள். என் காலத்தில் சோற்றுப் பானை விற்பது குறைந்து, செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் சில தங்கும் விடுதிகளாக மாறி, அவற்றின் சாப்பாட்டு மேசைக்குக் கிண்ணமும் தட்டும் குவளையும் தண்ணீர்க் கூசாவும் வேண்டும் என்று ஆட்கள் வரத் தொடங்கியதால், நானும் மின்சாரச் சக்கரமும் ஒரு சிறிய எரிவாயுச் சூளையும் போட்டு, கிளேஸ் என்னும் கண்ணாடி போன்ற பூச்சு பூசிய பாத்திரங்களுக்கு மாறினேன். விடுதிக்காரர்கள் இதை ஸ்டூடியோ என்கிறார்கள். ஊருக்கு இது இன்னமும் பானைக் கொட்டகைதான். என்னோடு வேலை செய்யும் இரண்டு பேருடைய கூலியும் என் வீட்டு உலையும் கண்மாய் மண்ணை நம்பி இருக்கின்றன.

திட்டத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளிலேயே மண்பாண்டத் தொழிலுக்குக் கட்டணமின்றிக் கண்மாய்க் களிமண் எடுக்க இடம் இருக்கிறது. 2024 ஜூனில் திருத்தம் வந்து, மாவட்ட ஆட்சியர் வரை கோப்பு போக வேண்டாம், வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்றானபோது எங்களில் பலர் மனதார மகிழ்ந்தோம். மண்பாண்டத்துக்கு 60 கனமீட்டர் வரை எடுக்கலாம் என்கிறது திட்டம். டிராக்டர் நடை ஒன்றுக்கு ஏறத்தாழ 3 கனமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அது 20 நடை. ஒரு குவளைக்கு அரைக் கிலோ மண்கூடப் பிடிக்காத என் பட்டறைக்கு அத்தனை மண் எதற்கு? நல்ல களியாக இரண்டு நடை கிடைத்தால் ஆண்டு முழுவதும் வேலை செய்து மிச்சமும் விழும். எனவே அளவைப் பற்றி எனக்கு எந்தக் கோரிக்கையும் கிடையாது. எந்தக் கண்மாயில், கண்மாயின் எந்தப் பகுதியில், எந்த மாதத்தில் என்ற மூன்றிலும்தான் இந்த அனுமதி எங்களுக்குப் பயன்படாமல் போகிறது.

கண்மாயில் மண் எப்படிப் படிகிறது என்பது உங்கள் பொறியாளர்கள் அறியாததல்ல. வரத்துக்கால் வழியாக ஓடிவரும் தண்ணீர் உள்வாயில் நுழைந்ததும் வேகம் தணிந்து, சரளையையும் பருமணலையும் நுழைந்த இடத்திலேயே போட்டுவிடும். சற்றுத் தள்ளி சவுடு என்னும் மணல் கலந்த மண்ணும் வண்டலும் படியும். கடைசிவரை கலங்கலாக மிதந்து வந்து, தண்ணீர் அசையாமல் நிற்கும் ஆழப் பகுதியில் நாள்கணக்கில் மெல்ல இறங்குவதே களி. தூர்ந்து மேடிட்டுக் கிடப்பது பெரும்பாலும் வரத்துக்கால் பக்கம். பட்டியல் தயாரிக்கும்போது எந்தக் கண்மாய் தூர்ந்திருக்கிறது, எங்கே வெட்டினால் கொள்ளளவு கூடும் என்று பார்க்கிறீர்கள். கண்மாய்க்கு அது நல்லது, வயலுக்கு வண்டல் அடிக்கும் விவசாயிக்கும் அது போதும். ஆனால் களி கிடக்கும் ஆழப் பகுதியில் மேடு விழுவது மெதுவாகத்தான் என்பதால், அந்தக் கண்ணோட்டத்தில் தயாராகும் பட்டியலில் எங்களுக்கு வேண்டிய இடம் எந்நாளும் வராது.

பட்டியலில் உள்ள கண்மாய்களில் நான் நேரில் போய்ப் பார்த்தவற்றில் எல்லாம் அடையாளக் கல் நட்டிருந்தது மேட்டுப் பக்கம்தான். மண்ணை எடுத்து விரலிடையில் தேய்த்தால் நறநறவென்றது. ஈரமாக்கித் திரித்து ஆள்காட்டி விரலில் சுற்றினால், பாதிச் சுற்று வருவதற்குள் வெடித்தது. பானைக்கு ஆகும் களியைப் பென்சில் கனத்துக்குத் திரித்து விரலில் மோதிரமாக வளைத்தாலும் பிளவு காணாது. இந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம். ஒரு கை மண்ணும் கொஞ்சம் தண்ணீரும் போதும். பட்டியல் போடும் முன் எங்களில் ஒருவரை அழைத்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்போம்.

மணலையாவது கரைத்து வடிகட்டி நீக்கிவிடலாம். உழைப்பு கூடும், அவ்வளவுதான். சுக்கான் எனப்படும் சுண்ணாம்புக் கல் அப்படியல்ல. அனுமதித்த கண்மாய் ஒன்றின் மண்ணில் சுக்கான் குறுணி கடுகளவுக்கும் சிறிய துகளாகக் கலந்து கிடக்கிறது. சல்லடைக் கண்ணில் தப்பிவிடும். சக்கரத்தில் வனையும்போது கைக்கும் தட்டுப்படாது. சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு ஏறும்போது அது சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது. பாத்திரம் ஆறி வெளியே வரும்போது பார்வைக்கு ஒரு குறையும் இராது, சுண்டிப் பார்த்தால் ஓசையும் சுத்தமாக இருக்கும். அதன் பிறகு அந்தச் சுண்ணாம்புத் துகள் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்துப் பூத்து, உள்ளே இடம் போதாமல் மேலிருக்கும் சுட்ட மண்ணை நெம்பித் தள்ளத் தொடங்கும். சில வாரங்கள் கழித்து ஒரு நாள், கிண்ணத்தின் உள்பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்திருக்கும். பெயர்ந்த குழியின் அடியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். சென்ற ஆண்டு பட்டியலில் உள்ள மண்தான் கிடைக்கும் என்ற நிலையில் அதைக் கொண்டே செய்துகொடுத்த சூப்புக் கிண்ணங்களை, ஒரு விடுதி அடுக்கோடு திருப்பி அனுப்பியது. சாப்பிடும் பாத்திரத்தில் சில்லு பெயர்வதை யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், பொறுத்துக்கொள்ளவும் கூடாது. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த விடுதி இப்போது வெளிமாநிலத்திலிருந்து பீங்கான் கிண்ணம் வாங்குகிறது.

சுருக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈரமாக வனைந்த பாத்திரம் காய்ந்து வெந்து வருவதற்குள் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்குச் சுருங்கிவிடும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும். எங்கள் கண்மாய்க் களி எவ்வளவு சுருங்கும் என்று தெரிந்துதான் கூசாவுக்கு மூடியும் குவளைக்கு அடித்தட்டும் அளவெடுத்து வைத்திருக்கிறேன்; கிளேஸ் கலவையும் அந்தக் களியோடு ஒத்துப்போகும்படி சூளை சூளையாகப் போட்டுப் பார்த்துப் பக்குவப்படுத்தியது. ஆண்டுக்கு ஒரு கண்மாய் மாறினால் மூடி பொருந்தாது, பூச்சு மயிரிழையாக வெடிக்கும், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மண் எல்லாம் மண்தான் என்றால் அரசே அதற்கு எதிராகச் சான்று கொடுத்திருக்கிறது. நம் சிவகங்கை மாவட்டத்து மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு பொருளின் தரமும் பெயரும் அது உருவாகும் இடத்தோடு பிணைந்தவை என்பதுதானே அந்தக் குறியீட்டின் அடிப்படை? மானாமதுரைக் கடம் செய்பவரிடம் போய், உங்கள் மண் இந்த ஆண்டு பட்டியலில் இல்லை, வேறு ஏதாவது கண்மாய்ச் சவுட்டில் கடம் செய்துகொள்ளுங்கள் என்று சொன்னால் சங்கீத வித்வான்களே கிளம்பி வந்துவிடுவார்கள். எங்களுக்கு அப்படி வருவதற்கு ஆள் இல்லை, குறியீடும் இல்லை, நியாயம் ஒன்றுதான். செட்டிநாட்டு வீடுகளின் கூரையில் அடுக்கடுக்காகக் கிடக்கும் நாட்டு ஓடும் சுட்ட களிமண்தான். அந்த வீடுகளைப் பழுதுபார்ப்பவர்கள் உடைந்த ஓட்டைக் கையில் கொண்டுவந்து, இதே நிறத்தில், இதே வளைவில் வேண்டும் என்று கேட்கிறார்கள். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் என்றால் கண்ணாடிப் பலகையில் சிமெண்டும் வண்ணமும் மணலும் இட்டு வார்த்துவிடலாம், அதற்குச் சூளையே தேவையில்லை. நாட்டு ஓட்டுக்கு அந்த வசதி கிடையாது.

ஐயனாருக்கு மண்குதிரை செய்து கோயிலுக்கு எடுத்துச் செல்லும் புரவி எடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர் கூடி நாள் குறித்து வேளாரிடம் பிடிமண் என்று ஒரு பிடி மண் கொடுத்தால், ஐயனாருக்குக் குதிரை செய்யும் பொறுப்பை ஊர் அவரிடம் ஒப்படைத்துவிட்டது என்று அர்த்தம். இந்தப் பக்கத்தில் பிறந்த அலுவலர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சென்ற ஆண்டு பக்கத்து ஊரில் அப்படிப் பிடிமண் வாங்கிய என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கண்மாயிலேயே களியை மண்வெட்டியால் வெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது தடுத்து நிறுத்தப்பட்டார். மண் ஏற்றிச் செல்வதற்கான நடைச்சீட்டு இல்லை என்பது காரணம். பட்டியலில் இல்லாத கண்மாய்க்கு நடைச்சீட்டு எங்கே போய் வாங்குவது என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. நாள் குறித்த புரவி எடுப்பைத் தள்ளிவைக்க முடியாது என்பதால், கடைசியில் ஒரு செங்கல் சூளைக்காரரிடம் காசு கொடுத்து மண் வாங்கினார். கட்டணமில்லாத அனுமதித் திட்டம் நடைமுறையில் இருக்கும் ஒரு வட்டத்தில், அந்தத் திட்டம் யாருக்காக வந்ததோ அவர் விலைக்கு மண் வாங்கினார் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது காலம். பங்குனியில் கண்மாய் வறண்டு வண்டி இறங்கும் பதம் வரும். ஆடி, ஆவணி வரை அது நிற்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் அடுத்த கோடைவரை உள்ளே கால் வைக்க முடியாது. வெட்டிக் கொண்டுவந்த களி மறுநாளே சக்கரத்தில் ஏறிவிடாது. உலர்த்தி, கட்டி உடைத்து, ஊறவைத்து, கரைத்து வடித்து, தண்ணீர் வற்றவிட்டு, மிதித்து, மூடிப்போட்டுப் புளிக்கவிட வேண்டும். புளிக்கப் புளிக்கத்தான் களிக்கு இழுவை கூடும். கார்த்திகைக்கு அகல் விளக்கு, தைக்குப் பொங்கல் பானை, குளிர்காலத்தில் விடுதிகள் நிரம்பும் நாள்களுக்கு மேசைப் பாத்திரம் என்று எங்கள் வருமானத்தின் பெரும்பகுதி அந்த மூன்று மாதங்களுக்குள் வந்துவிடுகிறது. அதற்கு மண் சித்திரையில் கொட்டகைக்கு வந்திருக்க வேண்டும். சென்ற ஆண்டு பட்டியல் வந்ததே ஆடி பிறந்த பிறகு. கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, அங்கிருந்து அலுவலகத்துக்கு என்று தாள் நகர்ந்து முடிந்தபோது கண்மாயில் முழங்கால் தண்ணீர். மழைக்காலத்தில் தொழில் முடங்குகிறது என்று மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறீர்கள். அதை நன்றியோடுதான் வாங்குகிறோம். ஆனால் கோடையிலேயே களி கைக்கு வந்திருந்தால் மழை நாள்களில் கூரைக்குள் உட்கார்ந்து வனைந்திருக்க முடியும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

பையில் அடைத்த மண் கிடைக்கிறதே, புதுச்சேரியில் எல்லாம் அதில்தானே செய்கிறார்கள் என்று ஒருவர் கேட்டார். உண்மைதான். புதுச்சேரியில் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கிய பிறகு தென்னாட்டில் அந்த வழியில் கற்றவர்கள் ஏராளம். அவர்களிடம் எனக்கு மதிப்பு உண்டு. அது 1,200 பாகைக்கு மேல் சுடும் வேலை. சூளையின் கட்டுமானமும் எரிவாயுச் செலவும் வேறு, பாத்திரத்தின் விலையும் வேறு. எங்கள் செங்களி அந்தச் சூட்டில் நிற்காமல் உப்பி உருகிவிடும். நான் 1,000 பாகை அளவில் சுடுகிறேன். என் சூளைக்கும் என் விலைக்கும் வாங்குபவர் விரும்பும் சிவப்புக்கும் கண்மாய்க் களிதான் பொருந்துகிறது. மேலும், கால் நாழிகை நடையில் களி கிடக்க, அதை விட்டுவிட்டு லாரி வாடகை கொடுத்து மண் வரவழைக்க வேண்டும் என்பது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

உங்கள் அச்சம் எதுவென்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மண்பாண்டத்தின் பெயரில் அனுமதி வாங்கி, பொக்லைனை இறக்கி, மண்ணைச் செங்கல் சூளைக்கும் மனைகளை மேடாக்கவும் விற்பவர்கள் இருக்கிறார்கள்; அந்தப் பள்ளங்களில் தேங்கும் தண்ணீரில் ஆடு மாடு விழுவதை நாங்களும் பார்க்கிறோம். அவர்களால் முதலில் கெட்டது எங்கள் களிதான். பொக்லைன் ஒரு வாரு வாரினால் மேல்வண்டல், களி, அதற்கும் அடியில் உள்ள சுக்கான் படிவம் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அந்த இடத்தில் பிறகு பானைக்கு மண் எடுக்கவே முடியாது. நாங்கள் கேட்பது மண்வெட்டியால், படிவம் பார்த்து, முழங்கால் ஆழத்துக்குள் வெட்டி எடுப்பதற்கு. கரைக்கும் மடைக்கும் உபரி நீர் வழியும் கலுங்குக்கும் நீங்கள் எத்தனை தூரம் விலகச் சொல்கிறீர்களோ அத்தனை தூரம் விலகிக்கொள்கிறோம். மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகமே 2016 ஜனவரி 15 அன்று வெளியிட்ட அறிவிக்கையில், குயவர்கள் தங்கள் வழக்கப்படி பானையும் விளக்கும் பொம்மையும் செய்யக் கையால் களிமண் எடுப்பதற்கு முன்கூட்டிய சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று விலக்கு அளித்திருக்கிறது. கையால் எடுப்பதற்கும் இயந்திரத்தால் வாருவதற்கும் அங்கே காட்டிய வேறுபாட்டை எங்கள் வட்டத்திலும் காட்டுங்கள் என்கிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. தூர்வார வேண்டிய கண்மாய்களின் பட்டியலோடு, மண்பாண்டக் களி கிடைக்கும் கண்மாய்கள் என்று ஒரு தனிப் பிரிவைச் சேர்க்க வேண்டும். அதைத் தயாரிக்கும்போது அந்தந்த ஊர் வேளார்களில் ஒருவரையாவது அழைத்துக்கொண்டு கண்மாயில் இறங்கி, களி கிடக்கும் பகுதியைச் சர்வே எண்ணோடு கல் நட்டுக் குறிக்க வேண்டும். திரித்து வளைத்துப் பார்ப்பதையும், சுக்கான் இருந்தால் நுரை காட்டிக்கொடுக்கும்படி ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்ப்பதையும் அங்கேயே செய்து காட்ட நாங்கள் தயார். விட்டுப்போன எங்கள் கண்மாயை அடுத்த பட்டியலுக்குக் காத்திராமல் துணைப் பட்டியல் ஒன்றின் வழியாக இந்தப் பருவத்திலேயே சேர்க்க வேண்டும்.

ஆண்டுதோறும் பட்டியல் மாசி முடிவதற்குள் வெளியாகி, மண்பாண்ட விண்ணப்பங்கள் மீது சித்திரை முடிவதற்குள் முடிவு தெரிய வேண்டும். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இயந்திரம் இல்லாமல் ஐந்து நடைக்குள் எடுப்பவர்களுக்கு, 60 கனமீட்டர் கேட்பவருக்கு உரிய அதே நடைமுறையை வைக்காமல், எளிய நடைச்சீட்டு ஒன்று போதும் என்று ஆக்க வேண்டும். ஊர் பிடிமண் கொடுத்த புரவி வேலைக்கு, ஊர்க் கூட்டத்தின் கடிதத்தையே சான்றாக ஏற்றுக்கொண்டு அந்த ஊர்க் கண்மாயில் களி எடுக்க விட வேண்டும். செட்டிநாடு சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடப்பதால், எல்லையோரப் பட்டறைக்காரர் ஒருவருக்குப் பக்கத்துக் கண்மாய் அடுத்த வட்டத்தில் அமைந்துவிடுவது சாதாரணம். வட்டத்துக்கு வெளியே விண்ணப்பிக்க முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பும் வழக்கத்தை மண்பாண்டக் களிக்கு மட்டுமாவது தளர்த்த வேண்டும். மண்பாண்டத்தின் பெயரில் வாங்கிய அனுமதியை விற்பவர்கள் மீது நடவடிக்கை எடுங்கள். அப்படி நடக்கும் இடங்களை எழுதித் தரவும் கையெழுத்திடவும் எங்களில் பலர் முன்வருவோம்.

இந்த மடலின் நகலை, சுக்கான் மண்ணில் செய்து சில்லு பெயர்ந்த கிண்ணம் ஒன்றோடும், எங்கள் கண்மாய்க் களியில் செய்த கிண்ணம் ஒன்றோடும் அலுவலகத்தில் நேரில் ஒப்படைத்து ஒப்புகைச் சீட்டு வாங்க இருக்கிறேன். ஒப்படைத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடிப் பக்கத்து மண்பாண்டப் பட்டறைக்காரன் ஒருவன்